ஆரெண்டோங்க் வம்சம்: ஜான்சன் சகோதரர்களின் பந்தயப் புறாக்கள் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

சில ஆண்டுகளுக்கு முன்பு, சென்னையில் ஒரு விற்பனையாளரிடமிருந்து பெண் ஹோமர் (தொலைவில் விட்டாலும் கூடு திரும்பும் பந்தயப் புறா) குஞ்சு ஒன்றை வாங்கினேன். அதனோடு ஒரு வம்சாவளிச் சீட்டும் வந்தது. தகப்பன் ப்ளூ பார் (நீலச்சாம்பல் உடல், இறக்கையில் இரண்டு கருங்கோடுகள்), தாய் ப்ளூ செக்கர் (அதே நிறம், இறக்கையில் கட்டம்கட்டமான கோலம்) என்றும், இரண்டும் பெல்ஜியத்து ஜான்சன் ரத்தம் என்றும், நான்கு தலைமுறை தாண்டினால் 'மெர்க்ஸ்' என்னும் புகழ்பெற்ற ஆண் புறாவைச் சென்றடையலாம் என்றும் அதில் எழுதியிருந்தது. குஞ்சோ ரெட் செக்கர், அதாவது அதே கட்டக் கோலம் சிவப்பில். வாலும் பறக்கும் இறகுகளும் வெளிறிய சாம்பல் நிறத்தில் இருந்தன. கூட்டில் விட்டு ஒரு வாரம் கழித்தே அந்த நிறத்தைப் பற்றி நிதானமாக யோசித்தேன். யோசித்த பிறகு, சீட்டில் எழுதியிருந்தது உண்மையாக இருக்க வழியே இல்லை என்பது தெளிவாயிற்று. காரணத்தைப் பின்னால் விளக்குகிறேன். ஏமாந்த வருத்தத்தைவிட, ஒரு கேள்வியே அன்று முதல் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது: ஒரு சிற்றூரின் ஒரே வீட்டில் வளர்ந்த புறாக்களின் பெயர், அந்த வீட்டின் கடைசிச் சகோதரரும் மறைந்துவிட்ட பின்னும், கடல் கடந்து ஒரு பொய்ச் சீட்டில் எழுதப்படும் அளவுக்கு மதிப்புப் பெற்றது எப்படி? அந்தப் பெயரோடு உண்மையில் என்ன சேர்ந்து வருகிறது?

அந்த வீடு பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் மாகாணத்தில், நெதர்லாந்து எல்லையை ஒட்டிய ஆரெண்டோங்க் என்னும் ஊரில் இருக்கிறது. கெம்பன் என்று அழைக்கப்படும் அந்தப் பகுதி மணற்பாங்கான, விளைச்சல் குறைந்த நிலம்; ஊர் சுருட்டுத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தில் புறாப் பந்தயம் பரவியபோது அதைத் தம் விளையாட்டாக்கிக்கொண்டவர்களில் தொழிலாளர்களும் சிறு விவசாயிகளுமே மிகுதி. குதிரை வைத்துப் பந்தயம் விட வசதி இல்லாதவனுக்கு ஓட்டு வீட்டின் பரணும் இரண்டு ஜோடிப் புறாக்களும் போதுமானவையாக இருந்தன. வட சென்னையின் மொட்டை மாடிகளைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

ஹென்றி ஜான்சன் அப்படிப்பட்ட ஒருவர்தான். ஊரார் அவரை 'ட்ரீக்' என்று அழைத்தார்கள். (டச்சு மொழியில் அந்தக் குடும்பப் பெயரை 'யான்சென்' என்றே உச்சரிக்கிறார்கள், நம் புறாக்காரர்களிடம் 'ஜான்சன்' என்று நிலைத்துவிட்டதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.) அவர் 1886இல் சிறுவனாக இருந்தபோதே புறா வளர்க்கத் தொடங்கினார். அவருடைய பிள்ளைகள் பலருக்கும் புறாப் பித்து தொற்றிக்கொண்டது. ஆயினும் வம்சத்தின் பெயரோடு இணைந்து நிற்பவர்கள் திருமணம் செய்துகொள்ளாமல் ஒரே வீட்டில் கடைசிவரை வாழ்ந்த சகோதரர்களான ஜெஃப், சார்ல், அட்ரியன், லூயி ஆகியோரும், அவர்களுக்குச் சமைத்துப்போட்டு வீட்டைக் கட்டிக்காத்த சகோதரி இர்மாவும்தான். பள்ளித் தெருவில் இருந்த அந்த வீட்டின் ஓட்டுக்கூரைக்கு அடியிலேயே புறாக்கூடு இருந்தது. தனியாக எழுப்பிய மாளிகைக் கூடு எதுவும் இல்லை. லூயி நூறு வயதைத் தொட்டு, 2013இல் காலமானார். தந்தை தொடங்கியதிலிருந்து கணக்கிட்டால் ஒரு குடும்பம் ஒரே ஊரில், ஒரே வகைப் பந்தயத்துக்காக, ஏறத்தாழ 125 ஆண்டுகள் ஒரு வம்சத்தைத் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறது. கால்நடை வளர்ப்பின் வரலாற்றிலேயே இத்தகைய நீட்சி அரிது. இதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளாமல் அந்த வம்சத்தின் 'ரகசியம்' பற்றிப் பேசுவது வீண் என்று நினைக்கிறேன்.

இந்த 125 ஆண்டுகளும் தடையின்றிக் கழிந்தவை அல்ல. இரண்டு உலகப் போர்களிலும் பெல்ஜியத்தை ஆக்கிரமித்த ஜெர்மானியப் படை, புறாக்களை எதிரிக்குச் செய்தி கொண்டுபோகும் தூதுவர்களாகக் கருதிக் கடும் கட்டுப்பாடு விதித்தது. ஏராளமான கூடுகள் அழிந்தன. எனவே இன்று 'தூய' வம்சம் என்று பேசப்படுவதும் போர்களுக்குப் பின் எஞ்சியவற்றைக் கொண்டு மறுபடி கட்டப்பட்டதுதான். சகோதரர்களின் உலகப் புகழுக்குக் காரணமான புறாக்கள் பெரும்பாலும் இரண்டாம் போருக்குப் பின் பிறந்தவை.

அவற்றுக்கு அவர்கள் வைத்த பெயர்கள் எளிமையானவை. வெள்ளைக் கண் உள்ளது 'விட்ஓகர்', மஞ்சள் கண் உள்ளது 'ஹேல்ஓகர்', தொட்டால் பதறுவது 'பாங்கே' அதாவது பயந்தாங்கொள்ளி, நரிச்சிவப்பு நிறத்தது 'வொஸ்' அதாவது நரி. கால்வளைய எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களே பெயராகிப்போன புறாக்களும் உண்டு; 1970இல் பிறந்த '019' அவற்றுள் தலையாயது. 1967இல் பிறந்த ஓர் ஆண் புறாவுக்கு மட்டும் அக்காலத்தில் ஐரோப்பாவைக் கலக்கிக்கொண்டிருந்த பெல்ஜிய மிதிவண்டி வீரர் எடி மெர்க்ஸின் பெயர் அமைந்தது. அதே 1967இல் அந்த வீரர் தொழில்முறைச் சாலைப் பந்தயத்தின் உலகச் சாம்பியனாகியிருந்தார். அந்தப் புறாவுக்கு 1970இல் ஒரு 'இளைய மெர்க்ஸ்' வந்ததும், முந்தையது 'மூத்த மெர்க்ஸ்' ஆயிற்று. ஜான்சன் சீட்டு என்று உலகில் எழுதப்படும் தாள்களில் மிகப் பல, இந்த மூத்த மெர்க்ஸையோ 019ஐயோ ஏதோ ஒரு மூலையில் சுமந்துகொண்டிருக்கின்றன.

வெளி ரத்தம் அவர்கள் கூட்டுக்குள் வரவே இல்லை என்று சிலர் சொல்வது தவறு. லியேஜ் நகரத்து ஜார்ஜ் ஃபாப்ரியின் புறாவோடு கலந்து 1951இல் பிறந்த ஒன்று, 'ஹால்வே ஃபாப்ரி', அதாவது 'பாதி ஃபாப்ரி' என்ற பெயரிலேயே அந்த வம்சத்தின் தூண்களில் ஒன்றாக நிற்கிறது. சகோதரர்கள் கலப்பை மறைக்கவில்லை என்பதைப் பெயரே சொல்கிறது. கலப்பு மிக அரிதாகவே நடந்தது. நடந்தபோதும், கலப்பில் பிறந்தது பந்தயத்தில் தன்னை நிரூபித்த பின்னரே அதன் ரத்தம் உள்ளே பரவ விடப்பட்டது. எனக்கு இந்த வரிசைமுறை மிக முக்கியமாகப் படுகிறது. நம்மில் பலர் விலை கொடுத்து வாங்கிய புறாவை முதல் ஆண்டிலேயே இனப்பெருக்கக் கூட்டில் அடைத்து, அதன் குஞ்சுகளுக்குத் தலைமுறைப் பெருமை எழுதத் தொடங்கிவிடுகிறோம். ஆரெண்டோங்கில் பந்தயக் கூடை (புறாக்களைப் பந்தயத்துக்கு ஏற்றிச்செல்லும் கூடை) முதலில் வந்தது, சீட்டு அதற்குப் பின்னால் வந்தது.

இந்த வம்சம் எந்தப் பந்தயத்துக்காக உருவானது என்பதை அறிந்தால்தான் அதன் குணங்கள் விளங்கும். சகோதரர்கள் குறும் தூரமும் நடுத்தூரமுமே விட்டார்கள். புறாக்களை விடுவிக்கும் இடங்களில், பிரெஞ்சு எல்லையில் உள்ள கீவ்ரேன் ஆரெண்டோங்கிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 140 கிலோமீட்டர். பிரான்சின் நொயோன் ஏறத்தாழ 240. ஓர்லியான் ஏறத்தாழ 440. இவை அனைத்தும் தென்மேற்கே இருக்கின்றன. புறாக்கள் வடகிழக்கு நோக்கிப் பறந்து வர வேண்டும். தூரம் கூட்டுக்குக் கூடு வேறுபடுவதால் வெற்றி நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்ற வேகத்தால் முடிவாகிறது. 140 கிலோமீட்டரை நிமிடத்துக்கு 1,200 மீட்டர் வேகத்தில் பறக்கும் புறா இரண்டு மணி நேரத்துக்குள் வீடு சேர்ந்துவிடும். கூட்டின் மேல் இரண்டு நிமிடம் வட்டமிட்டு நின்றால் அந்த இரண்டு நிமிடம் பரிசுப் பட்டியலில் பல இடங்களைப் பறித்துவிடும். ஆகவே விடுவித்த இடத்தில் உடனே திசை பிடிப்பது, கூட்டத்தோடு இழுபட்டுப் போகாமல் தன் வழியில் தனித்துப் பிரிவது, வந்ததும் தயங்காமல் உள்ளே நுழைவது ஆகிய மூன்றும் தலைமுறை தலைமுறையாகச் சல்லடையில் சலிக்கப்பட்டன. 800, 1,000 கிலோமீட்டர் பறந்து மறுநாள் வரும் உறுதி அந்தச் சல்லடையில் சோதிக்கப்படவே இல்லை. கலப்பில்லாத ஜான்சன் புறாவிடம் அதை எதிர்பார்ப்பவர்கள், அந்தக் கூட்டில் யாரும் தேடாத குணத்தைத் தேடுகிறார்கள்.

கையில் பிடித்தால் இந்தப் புறாக்கள் நடுத்தர அளவோ அதற்குச் சற்றுக் குறைந்ததோதான் இருக்கும் என்பதும், பட்டுப்போன்ற மென்மையான இறகு, உறுதியான முதுகு, நெருங்கிய இடுப்பெலும்புகள், நிறைவான கண் நிறம் ஆகியவை பொதுவாகக் காணப்படும் என்பதும் அவற்றைக் கையாண்டவர்கள் திரும்பத் திரும்பக் குறிப்பிடுவன. நிறத்தில் செக்கர்களே மிகுதி. நீலமும் சிவப்பும் உண்டு. கண்ணின் நுண்கோடுகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துப் பந்தயத் திறனைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை நம்மிடையேயும் வலுவாக இருக்கிறது. அதற்கு ஆதாரம் எதையும் நான் கண்டதில்லை. அந்த வீட்டிலேயே வெள்ளைக் கண்ணும் மஞ்சள் கண்ணும் அருகருகே பெயர்பெற்றன என்பது, குறிப்பிட்ட ஒரு கண்ணைத் தேடி அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை என்பதற்குப் போதிய சான்று.

இந்தப் புறாக்களின் மிகப் பெரிய குணம் அவை தாமே வென்ற பரிசுகளைவிட, வேறு வம்சங்களோடு சேர்ந்தபோது தந்த பலனில் தெரிந்தது. அதே ஆரெண்டோங்கில் வாழ்ந்த கரேல் மெலெமான்ஸின் கூடும், எல்லை தாண்டிச் சில கிலோமீட்டரில் உள்ள நெதர்லாந்தின் ரெசெல் ஊரில் 'க்ளக்', அதாவது 'தொப்பிக்காரர்' என்ற பட்டப்பெயரோடு அறியப்பட்ட யோஸ் வான் லிம்ப்ட்டின் கூடும் ஜான்சன் ரத்தத்தின் மேல் எழுந்தவை. குறிப்பாக க்ளக், சகோதரர்களின் சிறந்த புறாக்களின் நேர்ப் பிள்ளைகளைச் சேர்த்து அந்த ரத்தத்தைத் தனியே பாதுகாத்ததால், அவருடைய கூடு ஜான்சனுக்கு இரண்டாவது ஊற்றாகவே கருதப்பட்டது. டச்சுப் புறா அறிஞர் பீட் டெ வேர்டின் எழுத்து இந்தப் பெயரைப் பெல்ஜியத்துக்கு வெளியே கொண்டுபோயிற்று. 1970களிலும் 80களிலும் பிரிட்டனில் ஜான்சன் மோகம் அலையாக அடித்தது. பிறகு தைவானும் சீனாவும் சேர்ந்தன.

இப்படிச் சேர்ந்தபோது வந்த பலனுக்கு மரபியல் தெளிவான விளக்கம் தருகிறது. தகப்பனும் மகளும் சேர்ந்து பிறக்கும் குஞ்சுக்கு உட்கலப்புக் கெழு, அதாவது ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு, 25 விழுக்காடு. ஒரே தகப்பனுக்கு வெவ்வேறு தாய்களிடம் பிறந்த அண்ணன் தங்கை சேர்ந்தால் 12.5 விழுக்காடு. இத்தகைய இணைசேர்க்கை பல தலைமுறை தொடர்ந்தால், ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒன்றாகவே அமையும் இடங்கள் பெருகுகின்றன. அப்படிப்பட்ட புறா, தன்னிடம் உள்ளதைப் பெருமளவு மாறாமல் எல்லாக் குஞ்சுகளுக்கும் தரும். நல்லதானால் நல்லதையே தரும், கெட்டதானால் கெட்டதையே தரும். ஜான்சன் கூட்டில் கெட்டதைப் பந்தயக் கூடை ஆண்டுதோறும் அகற்றிக்கொண்டிருந்தது. பலவீனமான புறாவை மருந்தால் தாங்கிப்பிடிக்கும் வழக்கம் அங்கே வேரூன்றவில்லை. எனவே எஞ்சியது இறுகிய, சலிக்கப்பட்ட ரத்தம். அதை உறவில்லாத வேறு வம்சத்தோடு சேர்க்கும்போது, பிறக்கும் குஞ்சில் மரபணுப் பிரதிகள் மறுபடி வேறுபட்டு அமைகின்றன. கலப்பு வீரியம் என்று நாம் அழைக்கும் ஊக்கம் கிடைக்கிறது. கோழிப் பண்ணையிலும் மக்காச்சோள வயலிலும் நாம் காணும் அதே நிகழ்வுதான் இது. உட்கலப்பை மட்டும் பின்பற்றிச் சலிப்பதை விட்டுவிட்டவர்களின் கூடுகளில், இரண்டு மூன்று தலைமுறையிலேயே முட்டை பொரியாமையும் குஞ்சு இறப்பும் வந்து சேர்ந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

வழி கண்டு வரும் திறன் ஒரே ஒரு மரபணுவில் அடங்கியது அன்று. பந்தயப் புறாக்களின் மரபணுத் தொகுதியைப் பிற புறா இனங்களோடு ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆய்வு, தசையோடும் மூளையோடும் தொடர்புடைய பல இடங்களில் தேர்வின் தடயங்களைக் கண்டது. நினைவாற்றலோடும் இட அறிவோடும் தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப்பகுதி, அலங்காரப் புறாக்களைவிட ஹோமர்களில் ஒப்பளவில் பெரிது என்பதும் அறியப்பட்டதே. ஆனால் 2008இல் வெளியான இன்னொரு ஆய்வு இதற்கு ஒரு முக்கியமான திருத்தத்தைச் சேர்த்தது: ஒரே கூட்டில் வளர்ந்த ஹோமர்களில் ஒரு பகுதியைப் பறக்கவும் பந்தயத்தில் கலந்துகொள்ளவும் விட்டு, மற்றவற்றை அடைத்தே வைத்துப் பின்னர் அளந்தபோது, பறந்தவற்றின் ஹிப்போகாம்பஸ் பெரிதாக இருந்தது. மரபு தருவது ஒரு வாய்ப்பு மட்டுமே என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. விலை உயர்ந்த ரத்தத்தை வாங்கி வாழ்நாள் முழுவதும் கம்பிக்குள் வைத்திருப்பவர் அந்த வாய்ப்பைப் பயன்படுத்தவே இல்லை.

இனிச் சீட்டின் கணக்கு. மூத்த மெர்க்ஸ் பிறந்து 55 ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. ஒரு தலைமுறைக்கு நான்கு ஆண்டு என்று தாராளமாகவே வைத்தாலும் இன்றைய குஞ்சுக்கும் அதற்கும் இடையே 14 தலைமுறை போல இருக்கும். பதினான்காம் தலைமுறையில் மூதாதையருக்கான இடங்கள் 16,384. அவற்றுள் ஒரே ஓர் இடத்தில் மட்டும் மெர்க்ஸ் இருந்தால், சராசரியாக அதனிடமிருந்து வரும் பங்கு பதினாறாயிரத்தில் ஒன்று. புறாவுக்கு 80 குரோமோசோம்கள். அவை தலைமுறைதோறும் வெட்டுண்டு ஒட்டிப் பெரும் துண்டுகளாகவே கைமாறுகின்றன என்பதால், நடைமுறையில் அந்தக் குஞ்சிடம் மெர்க்ஸின் துளிகூட இல்லாமல் இருப்பதே சாத்தியம். மெர்க்ஸ் பல கிளைகள் வழியாகத் திரும்பத் திரும்ப வந்திருந்தால் கணக்கு மாறும். ஆனால் அப்படி வந்திருக்கிறது என்பதைச் சீட்டு முழுவதுமாகக் காட்ட வேண்டும். அடையாளப் பெயர் ஒன்றை மூலையில் எழுதிவைப்பது போதாது.

என் குஞ்சின் சீட்டோ நான்கே தலைமுறையில் மெர்க்ஸைத் தொட்டது. அதை நம்ப வேண்டுமானால், இடையில் உள்ள ஒவ்வொரு புறாவும் 13, 14 வயதில் குஞ்சு பொரித்திருக்க வேண்டும். வாங்கும்போது பிறந்த ஆண்டுகளைக் கழித்துப் பார்த்திருந்தாலே உண்மை தெரிந்திருக்கும். அதை நான் செய்யவில்லை. உறுதியான சான்று நிறத்தில் இருந்தது. புறாக்களில் சாம்பல் சிவப்பு, நீலம் என்ற அடிப்படை நிறம் பால் குரோமோசோமில் அமைந்துள்ளது. இரண்டும் சேர்ந்தால் சிவப்பே வெளித்தெரியும், நீலம் மறைந்துவிடும். பாலூட்டிகளுக்கு நேர்மாறாக, பறவைகளில் ஆணுக்கே அந்தக் குரோமோசோம் இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. அந்த ஒன்றும் தகப்பனிடமிருந்து வருவது. ஆதலால் நீல ஆணையும் சிவப்புப் பெட்டையையும் சேர்த்தால் ஆண் குஞ்சுகள் எல்லாம் சிவப்பாகவும் பெண் குஞ்சுகள் எல்லாம் நீலமாகவும் பிறக்கும். சிவப்புப் பெட்டைக்குத் தகப்பன் சிவப்பாகவே இருந்தாக வேண்டும். வேறொரு மரபணுவால் உண்டாகும், நீலப் பெற்றோருக்கும் பிறக்கக்கூடிய ஒடுங்கு சிவப்பு என்ற வகையும் உண்டு. ஆனால் அதில் வால் வரை அடர்ந்த சிவப்பு ஓடும், செக்கர் கோலமும் புலப்படாது. என் குஞ்சின் வாலோ சாம்பல். சீட்டில் இருந்த ப்ளூ பார் அதன் தகப்பன் அல்ல.

இதே போன்ற இன்னொரு சோதனை கண்ணில் இருக்கிறது. வெள்ளைக் கண் ஒடுங்கு பண்பு, ஆரஞ்சுக் கண் ஓங்கு பண்பு; எனவே வெள்ளைக் கண் உள்ள இரண்டு புறாக்களுக்கு ஆரஞ்சுக் கண் குஞ்சு பிறந்தால் பெற்றோரில் ஒருவரைச் சந்தேகிக்கலாம். இவை இரண்டும் பொய்யைப் பிடிக்கும், மெய்யை நிறுவாது. மெய்யை நிறுவுவதற்கு இறகிலிருந்து எடுக்கும் டிஎன்ஏ பெற்றோர்ச் சோதனை இருக்கிறது. அதற்கும் பெற்றோரின் மாதிரி கைக்குக் கிடைக்க வேண்டும். பிறந்து ஏழாம் நாள் வாக்கில் காலில் ஏறி, பின்பு கழற்ற முடியாத வளையம், அந்தக் காலுக்கு உரிய எண்ணை மட்டுமே உறுதிசெய்கிறது. முட்டை யாருடையது என்பதை அது அறியாது.

சீட்டுக்கு விலை இருக்கும்வரை பொய்ச் சீட்டும் இருக்கும். 2013இல் 'போல்ட்' என்ற பெல்ஜியப் புறா 3,10,000 யூரோவுக்கும், 2019இல் 'ஆர்மாண்டோ' 12.5 லட்சம் யூரோவுக்கும், 2020இல் 'நியூ கிம்' என்ற பெட்டை 16 லட்சம் யூரோவுக்கும் ஏலம் போயின. அந்த மூன்றும் தம் காலத்துப் பந்தயப் பதிவுகளோடும் பெயர்பெற்ற கூடுகளின் சான்றோடும் விற்கப்பட்டவை. அவற்றின் விலையைக் கேள்விப்பட்டு, பந்தயப் பதிவே இல்லாத குஞ்சின் சீட்டில் ஒரு பழம்பெயரை ஏற்றி விற்பது வேறு காரியம்.

அந்தச் சிவப்புப் பெட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. சீட்டைக் கிழித்துவிட்டு, பிற குஞ்சுகளோடு சேர்த்துப் பயிற்சிக்கு விட்டேன். முதல் ஆண்டில் 100 கிலோமீட்டரிலிருந்து இரண்டு முறை தவறாமல் வந்தது. அடுத்த ஆண்டில் 250 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, என் கூட்டின் புறாக்களில் முதலாவதாக, மாலை வெயில் சாய்வதற்கு முன் வந்து இறங்கியது. அதன் பின்னரே அதற்கு ஜோடி சேர்த்தேன். என் ப்ளூ செக்கர் ஆணுக்கும் அதற்கும் இரண்டு குஞ்சுகள் பிறந்தன, ஆண் சிவப்பு, பெண் நீலம். அவற்றின் பதிவேட்டில் பெற்றோரின் வளைய எண்ணையும் அவை பறந்து வந்த தூரத்தையும் நேரத்தையும் எழுதியிருக்கிறேன். வம்சம் என்ற கட்டத்தை வெற்றாக விட்டிருக்கிறேன்.